கன்ட்ரோலர் அக்காவின் சுண்ணாம்புக் கோட்டு வீடு

பஸ் நிறுத்தத்துக்கு நேர் மேலே, மாடி ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தத் தெரு வைத்த பெயர் கன்ட்ரோலர் அக்கா. பஸ் வருவதையும் போவதையும் சொல்வது யாரும் கூப்பிட்டுக் கொடுத்த வேலை இல்லை. அவளாக எடுத்துக்கொண்டது. கீழே மூச்சிரைக்க ஓடி வருகிறவர் தலையைத் தூக்கிக் கேட்பார்.

"அக்கா, ஏழாம் நம்பர் போயிடுச்சா?"

மிஷின் பெடலிலிருந்து காலை எடுக்காமலே மேலேயிருந்து பதில் வரும்.

"இப்பத்தான் போச்சு. ஓடினா முக்குல பிடிக்கலாம்."

ஓடினவர்கள் பிடித்தார்கள். பிடிக்க முடியாதவர்கள் தங்கள் காலைத்தான் நொந்துகொண்டார்கள், அக்காவைக் குறை சொல்லவில்லை.

பஸ் மட்டுமா அவளுக்குத் தெரியும்? ஒரே குடையில் வந்துகொண்டிருந்த ஜோடி எப்போது இரண்டு குடை வாங்கியது, காலியாக வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நெரிசல் பஸ்ஸுக்காகவே நிற்கிற அந்த வாத்தியார் யாருக்காக நிற்கிறார், எல்லாம் தெரியும். வம்பு என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "கண்ணு இருக்கு, தெரியுது. நானா போய்ப் பாக்கறேன்?" என்பாள். ஜன்னலை மட்டும் ஒரு நாளும் சாத்தியது கிடையாது.

அவள் வீட்டுக்காரர் நேர் எதிர். ஊருக்கு வெளியே தோட்டம். தக்காளி, பீன்ஸ், கீரை, ஒரு குளம், நத்தை தின்பதற்கென்று ஒரு கூட்டம் வாத்து. விடிவதற்குள் ஸ்கூட்டரில் போனால் இருட்டித்தான் வருவார். பேச்சுக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும், அவ்வளவு சிக்கனம். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே வாயைத் திறந்தார்.

"முட்டி தாங்கல. ஸ்கூட்டர் மிதிக்க முடியல. தோட்டத்துலயே ஒரு வீடு கட்டிடலாமா?"

"கட்டுங்க. யாரு வேண்டாம்னா?"

"நீ வருவியா?"

அக்கா தண்ணீர்ச் சொம்பை எடுத்து நிதானமாக வைத்தாள். "வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன். பிடிச்சா வர்றேன். பிடிக்கலேன்னா நீங்க அங்க, நான் இங்க. வாரத்துக்கு ஒரு தடவை சட்டைக்குப் பட்டன் தைக்க வந்துட்டுப் போங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் அக்கா ஒவ்வொரு காரணம் சொன்னாள். ஒருவரிடம் பாம்பு. இன்னொருவரிடம் கொசு. மூன்றாவது ஆளிடம், மின்சாரம் போனால் நூல் கோர்க்க வெளிச்சம் இருக்காது. பாம்பையே ஒரு தடவை விளக்குமாற்றால் ஒதுக்கித் தள்ளினவள் அவள். நிஜக் காரணம் வேறு எதுவோ. அதை அவள் தன்னிடமே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

வீடு வரைந்து கொடுக்க அக்காவின் தங்கையே இருந்தாள். படித்தவள், வீடுகளுக்குப் படம் போடுகிற அலுவலகம் ஒன்றில் மற்றவர்கள் வீட்டுக்கு மாடிப்படியும் கக்கூஸும் வரைந்து வரைந்து அலுத்தவள். முழு வீடு ஒன்று தன் கையில் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் மிஷின் மேலேயே கொண்டுவந்து வைத்தாள். சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடி. கூரை மேல் புல். கூடத்தின் நடுவில் ஒரு மரம், கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது.

"இயற்கையோட சேந்து வாழற வீடுக்கா இது. வீட்டுக்குள்ள நாம இருக்கோமா, தோட்டத்துல இருக்கோமான்னே தெரியக்கூடாது."

"மரம் வீட்டுக்குள்ள இருந்தா எறும்பு எங்கடி இருக்கும்?"

"எறும்பும் இயற்கைதானேக்கா."

"அப்ப அதை உன் கட்டில்ல படுக்க வெச்சுக்கோ."

மரம் அன்றைக்கே படத்திலிருந்து வெளியே போனது. கூரைப் புல், அதை யார் ஏறி வெட்டுவது என்று அத்தான் கேட்ட ஒரே கேள்வியில் காய்ந்துவிட்டது. கண்ணாடியை மட்டும் தங்கை விடுவதாக இல்லை. அந்தக் கண்ணாடியை யார் துடைப்பார்கள் என்று கேட்டால் அடுத்த படத்தைத் திறந்து காட்டுவாள். வீட்டுப் படம் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் வரைவார்கள். துடைப்பவளை மட்டும் வரைய மாட்டார்கள்.

ஆனால் தங்கையிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. படம் முடிந்ததும் கட்ட ஆரம்பிக்க மாட்டாள். மனையிலேயே வீட்டை அதன் நிஜ அளவில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிடுவாள். சுவர், வாசல், ஜன்னல் எல்லாம் கோடு. அந்தக் கோட்டு வீட்டில் வீட்டுக்காரர்கள் காலையிலிருந்து பொழுது சாயும் வரை குடியிருக்க வேண்டும். சமைக்க, சாப்பிட, படுக்க, சண்டை போட, எல்லாம் அதற்குள்ளேதான். சட்டம் ஒன்றே ஒன்று: சுவர் வழியாக யாரும் நடக்கக்கூடாது, வாசல் வழியாகத்தான் போக வர வேண்டும்.

இதைக் கேட்டதும்தான் அக்காவின் முகம் மலர்ந்தது. "இது நம்ம வேலைதானே! துணியில சாக்பீஸ்ல கோடு போட்டு, ஓட்டுத்தையல் போட்டு, ஆளை நிக்க வெச்சுப் பாத்துட்டுத்தானே வெட்டறோம்? சரி, வர்றேன்."

குறித்த நாள் காலையில் குட்டி லாரியில் தையல் மிஷின் தோட்டத்துக்கு வந்து இறங்கியது. அடுப்பு, பாய், தட்டு, குடம், தைக்க வேண்டிய துணி மூட்டை, எல்லாம் கூடவே வந்தன. தங்கை வாசலில் நின்று வரவேற்றாள். வாசல் என்றால் கோட்டில் ஒரு இடைவெளி. அக்கா செருப்பை அந்த இடைவெளிக்கு வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மண்ணில் கால் வைத்தாள்.

மிஷினைக் கண்ணாடி வரப்போகிற பக்கம், தோட்டத்துக்கு அப்பால் நின்ற மலையைப் பார்த்துப் போட்டார்கள். அக்கா உட்கார்ந்தாள். தங்கை பின்னால் கைகட்டி நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"மலை இருக்கு."

"அழகா இல்லையா?"

"அழகுதான். நேத்தும் அங்கதான் இருந்துச்சா?"

"ஆமா."

"நாளைக்கும் அங்கயேதான் இருக்குமா?"

"மலை எங்கக்கா போகும்?"

"அதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு அக்கா ஊசியில் நூல் கோர்த்தாள்.

தங்கைக்குச் சுருக்கென்றது. பதில் தேடுவதற்குள் பின்னால் ஒரு சத்தம். அத்தான் வழக்கம்போல வாத்துக் கொட்டகையைத் திறந்துவிட்டிருந்தார். வாத்துகள் வரிசையாக வந்தன. சமையலறைச் சுவரைத் தாண்டின. கூடத்துக்குள் நுழைந்தன. பாய் மேல் ஏறி இறங்கின. அக்காவின் நாற்காலிக்குப் பின்புறமாகப் போய், எதிர்ச் சுவர் வழியாக வெளியேறி, குளத்தைப் பார்த்து நடந்தன.

"அத்தான்! ஹால்ல வாத்து!"

"ஆமா," என்றார் அத்தான் கொட்டகையிலிருந்து. "அதுங்க வழி அது."

"அதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலையேம்மா."

நடந்தது இதுதான். தங்கை மனை பார்க்க வந்ததெல்லாம் மதிய வேளையில். அப்போது வாத்துகள் குளத்தில் இருக்கும். மண்ணில் தேய்ந்து கிடந்த அந்தத் தடத்தை அவளும் பார்த்தாள். மழைத் தண்ணீர் வடிகிற தடம் என்று நினைத்து, மூடிவிடலாம் என்று முடிவு கட்டி, அதற்கு மேலேயே கூடத்தைப் போட்டுவிட்டாள். இயற்கையோடு சேர்ந்து வாழ்கிற வீடு, இயற்கை போய்வரும் வழியில் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "வாசல் வழியா வரச் சொல்லுடி அதுங்களை. உன் சட்டம் எங்களுக்கு மட்டும்தானா?"

எல்லாம் போய் முடிந்ததும் ஒன்று மட்டும் தனியாக, தாங்கித் தாங்கி நடந்து வந்தது. கூடத்தின் நடுவில் நின்று அக்காவை ஒரு கண்ணால் பார்த்தது. அப்புறம்தான் நகர்ந்தது.

"கடைசி பஸ்," என்றாள் அக்கா. பெயர் வைத்தாகிவிட்டது.

தங்கை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தாள். வாத்து வழியைக் கம்பி வேலி போட்டுத் திருப்பிவிடலாம் என்றாள். அத்தான் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டையே பீன்ஸ் பந்தல் பக்கம் தள்ளினால் மலை மறைந்துவிடும். குளத்துப் பக்கம் தள்ளினால் ஈரம். போட்ட கோட்டை விட மனசும் இல்லை. வெயில் ஏற ஏற அவள் முகமும் சுண்டிப்போனது.

மதியம் அத்தான் பசியோடு வந்தார். நேராக அடுப்பைப் பார்த்து நடந்தார்.

"எங்க வர்றீங்க? சுவத்துக்குள்ளயே வர்றீங்களே!"

அவர் நின்றார். கீழே பார்த்தார். ஒரு கால் சமையலறையிலும் ஒரு கால் வெளியிலுமாக இருந்தது. காலை எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி நடந்து வாசலுக்கு வந்தார். அதற்குள் அக்கா வாசல் இடைவெளிக்கு நடுவில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சாத்தியிருக்கு."

"தொற. வெயில் கொளுத்துது."

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க, தொறக்கறேன். இங்க வந்து உக்காந்தா, யாரு என்னை என்ன கேப்பா?"

"என்ன கேக்கணும்?"

"அங்க ஒரு நாளைக்கு எத்தனை பேரு தலையைத் தூக்கி, அக்கா, அக்கான்னு கேக்கறாங்க தெரியுமா? இங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க என்ன கேப்பீங்க? சோறு ஆச்சான்னு கேப்பீங்க. துண்டு எங்கன்னு கேப்பீங்க. வேற?"

அவர் யோசித்தார். வெயிலில் நின்றுகொண்டு நிஜமாகவே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"அது ரெண்டும்தான் கேப்பேன்," என்றார் கடைசியில்.

அக்கா சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள். தட்டைப் போட்டாள். பாம்பும் இல்லை, கொசுவும் இல்லை, அவ்வளவுதான் விஷயம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தமாதிரி இருந்தது. குளியலறைக்குள் அளவெடுத்துக்கொண்டிருந்த தங்கைக்கு எல்லாம் காதில் விழுந்தது. சுவர் இல்லாத வீட்டில் ஒட்டுக்கேட்கச் சிரமப்படவே வேண்டாம். அவள் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். அக்கா திரும்பி ஊருக்குப் போய்விடுவாள், அத்தான் இங்கே தனியாகப் பொங்கித் தின்பார், தன் முதல் வீடு இரண்டு பேரைப் பிரித்த வீடாக இருக்கும் என்று தோன்றியது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அக்கா மிஷினைப் பிடித்து இழுத்தாள்.

"என்னக்கா பண்றே?"

"மலைக்கு முதுகைக் காட்டி உக்காரப் போறேன். கோவிச்சுக்குமா?"

வாத்துத் தடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். குளத்தில் நடப்பதெல்லாம் அங்கிருந்து தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மிஷின் சத்தத்துக்கு நடுவே விவரம் வர ஆரம்பித்தது. "அந்த வெள்ளை இருக்கே, அது பெரிய ஆளு. யாரையும் கரைகிட்ட விடல… கடைசி பஸ் தனியா நிக்குது பாரு, எவ்ளோ ரோஷம்… அடியே, பழுப்பு ரெண்டும் காலையில ஒண்ணா போச்சு, இப்பப் பேச்சே இல்ல!" தங்கை "ம்" கொட்டிக்கொண்டு கேட்டாள். குளத்தில் வாத்து இருக்கிறது என்று மட்டும்தான் அதுவரை அவளுக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்தது. அத்தான் தடத்தை ஒட்டியிருந்த நாற்றங்காலுக்குள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். போக வர வசதியாகக் கம்பிக் கதவு திறந்து கிடந்தது. கீரை நாற்று என்றால் வாத்துக்கு உயிர். அவை வருவதற்குள் கதவைச் சாத்த வேண்டும், போனதும் திறக்க வேண்டும். பம்ப் சத்தத்தில் அவை வருவது அவர் காதில் விழாது. கவனம் தப்பி, விதைத்ததையெல்லாம் வாத்துக்குக் கொடுத்த வருஷங்களும் உண்டு.

குளத்திலிருந்து வெள்ளை கரையேறியது. அக்கா எழுந்து நின்றாள்.

"வருது! வருது! கதவைச் சாத்துங்க!"

பஸ் நிறுத்தத்துக் கூச்சலுக்கு மேலே கேட்டுப் பழகிய குரல் அது. பம்பெல்லாம் எந்த மூலைக்கு? அத்தான் முட்டி வலியை மறந்து ஓடி வந்து கதவை இழுத்துப் பிடித்தார். வாத்துகள் கதவோரம் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, ஏமாந்து, கூடத்துக்குள் நுழைந்தன. பீன்ஸ் பந்தல் மறைத்ததால் அவருக்குக் குளமும் தெரியவில்லை, கூடமும் தெரியவில்லை. அங்கிருந்தே கத்தினார்.

"எல்லாம் போயிடுச்சா?"

"இருங்க! கடைசி பஸ் இன்னும் வரல."

"இப்ப?"

"கரையில நின்னு யோசிக்குது… கிளம்பிடுச்சு… ஹாலுக்கு வந்துடுச்சு… போயிடுச்சு. தொறங்க!"

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா உட்கார்ந்தாள். தைக்கவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலுக்கு அந்தப் பக்கம் கேட்டவருக்கே, தான் சோறும் துண்டும் தவிர வேறொன்றைக் கேட்டுவிட்டோம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்திருக்க வேண்டும். குழாயைக் கையில் பிடித்தபடியே பந்தலைச் சுற்றி எட்டிப் பார்த்தார். காலெல்லாம் தண்ணீர்.

தங்கை எழுந்தாள். கூடத்துக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தாள். சுண்ணாம்பு டப்பாவை எடுத்துத் தடத்தின் இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு போட்டாள். இந்தப் பக்கம் சமையலும் தையலும், அந்தப் பக்கம் படுக்கை. நடுவில் வாத்து வழி, இரண்டு முனையும் திறந்தபடி. இரண்டுக்கும் சேர்த்து மேலே ஒரே கூரை. தையல் மிஷினுக்கு நேராக, வழியைப் பார்த்து ஒரு ஜன்னல்.

"ஓ, ஸ்லிட் வெக்கறியா?" என்றாள் அக்கா. "நீளச் சட்டைக்கு நடக்க வசதியா பக்கத்துல ஓப்பன் விடுவோமே, அதுமாதிரி."

"ஆமா."

"அப்ப இது என் யோசனை."

"கோடு போட்டது நான்!"

"ஸ்லிட்டுன்னு சொன்னது யாரு?"

இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. வீடு எழும்பிய பிறகு அந்த நடு வழியில் எப்போதும் ஜில்லென்று ஒரு காற்று ஓடும். அது தன் கணக்கு என்று தங்கை சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாத்து கொண்டுவந்த காற்று என்று அக்கா சொல்கிறாள்.

அஸ்திவாரம் தோண்ட வந்த மேஸ்திரி கோட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "நடுவுல ஏம்மா வீட்டைக் காணோம்?"

"அது வாத்துக்கு," என்றார் அத்தான்.

"வாத்துக்கு ரோடு விட்டுட்டு மீதியில நீங்களா?"

"ஆமா." அதற்கு மேல் அவர் பேச்சைச் செலவு செய்யவில்லை.

கண்ணாடிக்கும் இடம் கிடைத்தது. மலையைப் பார்த்த பெரிய கண்ணாடி படுக்கை அறைக்குப் போனது. நாள் முழுக்க அந்த மலையடியில் வெயிலில் நிற்கிறவர் மதியம் கண்ணசர வேண்டுமென்றார். அதனால் அதற்கு ஒரு கனத்த திரை தைக்க வேண்டியதாயிற்று. அக்காவே தைத்தாள், நல்ல இருட்டு நிறத்தில். தங்கை அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் திரையை விலக்குவாள். அவள் போனதும் அத்தான் இழுத்து விடுவார்.

அக்கா சாமான் ஏற்றுகிற நாளில் கீழே டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "நீங்க போயிட்டா பஸ்ஸுக்கு யாருக்கா பதில் சொல்றது?"

"அதான் நேரம் எழுதிப் பலகை வெச்சிருக்காங்களே."

"பலகையில இருக்கற நேரத்துக்கு எந்த பஸ் வந்திருக்கு?"

அக்கா ஜன்னலிலிருந்து நிறுத்தத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "கடையைத் தள்ளி ஜன்னலுக்கு நேரா போட்டுக்கோங்க. டீ ஆத்தறப்போ சும்மாதானே நிக்கறீங்க, ரெண்டு கண்ணும் அங்க இருக்கட்டும்," என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, லாரியில் மிஷினுக்குப் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

குடி போய்ச் சில நாள் கழித்து, தங்கை கேமராவோடு வந்தாள். தன் முதல் வீட்டைப் படமெடுத்து அலுவலகத்தில் காட்ட வேண்டும். வெயில் சாய்ந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெளிச்சம் நீளமாக விழுந்திருந்தது. அவள் சரியாக வழி நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"வழியில நிக்காதடி, வருது!" என்று ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. நகர்வதற்குள் வந்துவிட்டன. அவள் எடுத்த படத்தில் வீடு கொஞ்சமாகவும் வெள்ளையின் பின்புறம் நிறையவும் விழுந்தது. அதையும் அலுவலகத்தில் மாட்டி வைத்திருக்கிறாள் என்று கேள்வி.

பந்தலுக்கு அந்தப் பக்கமிருந்து அத்தானின் குரல்.

"போயிடுச்சா?"

"இப்பத்தான் போச்சு. கடைசி பஸ் மட்டும் பாக்கி."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் திறக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். அப்புறம், கேட்கத் தேவையே இல்லாத ஒன்றை அவர் கேட்டார்.

"அது ஏன் இன்னைக்கு இவ்ளோ லேட்டு?"

அக்கா பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஜன்னலில் கையை ஊன்றி எழுந்து நின்றாள்.

"அதை ஏன் கேக்கறீங்க! அது பெரிய கதை. உள்ள வாங்க, சொல்றேன். அப்படியே வரப்பைத் தாண்டிக் குதிச்சு வராதீங்க, வாசல் வழியா வாங்க."